சவரிராயன் வந்தால் மட்டும் அணையும் கணினி

எழுதிக்கொள்ளுங்கள், அம்மா. பெயர்: இராம. திருமேனிநாதன். காலஞ்சென்ற இராமசாமி அவர்களின் ஏக புதல்வன். அகவை எழுபத்தாறு நிறைந்தது; வருகிற தை மாதத்தில் எழுபத்தேழு. தங்கள் வாக்காளர் பட்டியலில் வேறு எண் இருக்குமானால் பிழை பட்டியலுடையது. பெயரே ‘திரு’வில் தொடங்குவதால் முன்னால் இன்னொரு திரு வேண்டியதில்லை, சென்ற முறை வந்த ஆசிரியர் அப்படித்தான் எழுதிப் பெயரை இரட்டைத் திருவாக்கிவிட்டுப் போனார். தொழில்: இவ்வூர் அருப்புக்கோட்டை நகராட்சிக் குடிநீரேற்று நிலையத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் மோட்டார் இயக்கி ஓய்வு பெற்றவன். கல்வி எட்டாம் வகுப்பு. அதற்கு மேல் கற்றவை அனைத்தும் அச்சிட்ட தாளிலிருந்து நானாகவே கற்றவை. அதற்குப் படிவத்தில் இடமில்லை என்கிறீர்களா? இருக்கட்டும்.

இந்த வீட்டில் வாக்கு ஒன்றுதான். மனைவியின் பெயரை இரண்டாயிரத்துப் பதினொன்றிலேயே நீக்கிவிட்டார்கள். தேட வேண்டாம்.

அடுத்த கதவு எண்ணா? பதினேழு பி. சவரிராயன். ஆமாம், பூட்டித்தான் இருக்கிறது. எப்போது போனார், நிரந்தரமாகப் போய்விட்டாரா, அவர் பெயருக்கு எதிரே என்ன எழுதுவது என்று கேட்கிறீர்கள். நியாயமான வினா. ஆனால் அதற்கு ஒரு சொல்லில் விடை கூற இயலாது. அமருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், இதில் அமருங்கள்.

மேசைமீது தட்டச்சுப் பலகை போல ஒன்று இருக்கிறதே, அது வெறும் பலகை அன்று. அதுவே முழுக் கணினி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழில் என் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தார். தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்தால் அதுவே திரை. பாட்டுக் கேட்கும் டேப் ரிக்கார்டரோடு இணைத்தால் அதுவே நினைவகம். கூடவே வந்த ஆங்கிலக் கையேட்டை அகராதி துணைகொண்டு இரண்டு ஆண்டுகள் படித்தேன். தண்ணீர் ஏறும் நேரம் முழுவதும் மோட்டார் அறையில் ஆளுக்கு வேலை இல்லை; காது மோட்டாரிடம் இருந்தால் போதும், கண் புத்தகத்தில் இருக்கலாம். அப்படிக் கற்று அந்த எந்திரத்துக்கு நான் கற்பித்தது ஆடுபுலி ஆட்டம். எந்திரம் மூன்று புலிகளையும் ஆடும். எதிரே இருப்பவர் பதினைந்து ஆடுகளையும் ஆட வேண்டும். புலிகள் மூன்றும் நகர இடமின்றி அடைபட்டால் ஆடுகளுக்கு வெற்றி. ஒரு நகர்வுக்கு நாற்பது விநாடி சிந்திக்கும். அது சிந்திப்பதாக எழுதியவன் நான் என்பதைத் தாங்கள் கவனத்தில் கொள்ள வேண்டும்.

சவரிராயன் அவர்கள் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட இரண்டு வயது இளையவர். ஞாயிறு காலையில் கோயில் பூசை, பகலில் கறிச்சோறு, ஒரு தூக்கம், நான்கு மணிக்கு இங்கே ஆட்டம். பத்தொன்பது ஆண்டுகள் இது தவறியதில்லை. ஒரு ஞாயிறுகூட அவன் வென்றதுமில்லை. மன்னிக்கவும், அவர் என்றுதான் சொல்லத் தொடங்கினேன். நாக்கு ஒத்துழைக்கவில்லை. அவன் என்றே சொல்கிறேன்.

“இது புலியா அண்ணாச்சி? எங்க டெப்போ மேனேஜரு. நாம எந்தப் பக்கம் போனாலும் வந்து நிக்குது” என்பான். தோற்றுவிட்டுத் தேநீரை ஊதிக் குடிப்பான். அடுத்த ஞாயிறு வருவான்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அவன் ஆட்டம் தேறியது. எங்கோ யாரிடமோ பழகிக்கொண்டு வந்தானோ என்னவோ. இரண்டு புலிகளை அடைக்கலானான். அதே காலத்தில்தான் எந்திரம் தானாக அணையத் தொடங்கியது. திரை சட்டென்று புள்ளி புள்ளியாக இரைச்சலிடும். உள்ளே இருந்த ஆட்டம் போய்விடும். ஒலிநாடாவிலிருந்து மீண்டும் ஏற்ற ஏழு நிமிடம். முதல் ஞாயிறு சிரித்தான். “காய்ச்சல் போல. கஞ்சி வச்சுக் குடுங்க அண்ணாச்சி” என்றான். இரண்டாம் ஞாயிறும் சிரித்தான். மூன்றாம் ஞாயிறு சிரிக்கவில்லை. நான்காவது, நவம்பர் பதின்மூன்று, தூறல். இரண்டு புலிகள் அடைபட்டுவிட்டன. மூன்றாவதற்கு ஒரே ஒரு வழி மிச்சம். அதை அடைக்க அவன் விரலை விசைமீது கொண்டுபோகிறான், அணைந்தது.

குனிந்து மேசைக்குக் கீழே பார்த்தான். சுவிட்சுப் பலகை என் பாதத்திலிருந்து ஒரு சாண் தொலைவில் சுவரில் இருக்கிறது. இப்போதும் அங்கேதான், தாங்களே காணலாம்.

“கால் கட்டைவிரலால அமுக்குறீங்களோ?” என்றான்.

வேடிக்கை என்று எண்ணினேன். நிமிர்ந்து பார்த்தால் முகம் வேடிக்கையாக இல்லை.

“முப்பத்து மூணு வருசம் பஸ்ல நின்னவன் நான். டிக்கெட் எடுக்காம ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு இருக்கிறவன் மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். இப்ப உங்க மூஞ்சி அப்படித்தான் இருக்கு.”

நான் தரக்குறைவாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. “நிரூபித்துவிட்டுப் பேசுகிறேன்” என்றேன், அவ்வளவே.

“நிரூபிச்சுக்கிட்டே கிடங்க” என்று எழுந்தான். தேநீர் பாதி அப்படியே இருந்தது.

அன்றிலிருந்து நான் மேற்கொண்ட ஆய்வை வரிசையாகச் சொல்கிறேன். ஒரு மனிதன் தன் சொல் மெய் என்று காட்டுவதைவிட அவசரமான வேலை வேறொன்று இருக்க முடியாது.

முதலில் மின்வரத்து. கால் மணிக்கு ஒருமுறை வோல்டேஜ் அளந்து பதினெட்டு நாள் குறித்தேன். இருநூற்று இருபதுக்குக் கீழே இறங்கவில்லை. ஆயினும் குளிர்சாதனப் பெட்டியின் ஸ்டெபிலைசரை எடுத்து இதற்கு வைத்தேன். குளிர்சாதனப் பெட்டியில் வைக்க எனக்கு அப்படி என்ன இருக்கிறது. அடுத்து அடாப்டர். அது சூடாகிறது என்று ஐயுற்றேன். மோட்டார் சூடேறினால் ஈரச்சாக்கு போர்த்துவது எங்கள் நிலையத்தின் வழக்கம். அந்த நினைவில் அடாப்டரைத் தண்ணீர்ப் பானையின் மூடிமேல் வைத்தேன். பானை வியர்த்தது, ஒரு பொறி பறந்தது, வீடே இருண்டது. அதை ஆய்வில் ஏற்பட்ட ஓர் இடையூறு என்றே கொள்ள வேண்டும். ஃபியூஸ் போட்டுவிட்டு அடாப்டரை வெறும் தரையில் வைத்தேன். பிறகு மேல் மூடியைக் கழற்றித் தூசு தட்டினேன். தொடு முனைகளைப் பென்சில் அழிப்பானால் தேய்த்தேன். ஒரு பல்லி முட்டை கிடந்தது, அவ்வளவே.

ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் ஓடவிட்டுப் பார்ப்பேன். ஆடுகளையும் நானே ஆடுவேன். காலை ஏழு முதல் மாலை ஆறு வரை, பதினொரு மணி நேரம். அணையவில்லை. மறுநாளும் அணையவில்லை. நம்புவீர்களோ, இருபத்திரண்டு நாள் என்னோடு தனியாக இருந்து ஒருமுறைகூட அது அணையவில்லை.

அணையாத எந்திரத்தில் பழுதை எப்படிக் கண்டுபிடிப்பது? அதுதான் என் துன்பம். பக்கத்துச் சுவர் ஒற்றைச் செங்கல் சுவர். அவன் இருமுவது கேட்கும். ஞாயிறு நான்கு மணிக்கு அவன் நாற்காலியை இழுப்பது கேட்கும். பிறகு ஒன்றும் கேட்காது. நான் தேநீர் போடும்போது பால் கூடிவிடும். கை பழகிய அளவு அது. மிச்சத்தை உறை ஊற்றிவிடுவேன்.

கிறிஸ்துமஸ் அன்று ஒரு தூக்குச் சட்டி நிறையப் பிரியாணி வாசற்படியில் இருந்தது. ஆள் இல்லை. சட்டியைக் கழுவி அவன் வாசற்படியில் வைத்தேன். ஆய்வு முடியாமல் பேசுவது முறையாகாது என்பதால் மணியடிக்கவில்லை.

தை மாதத்தில் எனக்கு ஒரு தெளிவு பிறந்தது. எந்திரம் அணைந்த நாளெல்லாம் இருந்து, அணையாத நாளெல்லாம் இல்லாத பொருள் எது? சவரிராயன். ஆகவே பழுதின் காரணம் சவரிராயன். இதில் பகை ஏதுமில்லை, இது தருக்கம். அவன் எடையால் தரை அழுந்துகிறதோ, அவன் கைப்பேசி இடையூறு செய்கிறதோ, அவன் தேநீரின் ஆவி உள்ளே போகிறதோ? ஆளை அழைக்க முடியாது. ஆளுக்குப் பதில் வேண்டும். அவன் எடை எழுபத்தெட்டு கிலோ. அரிசி மண்டித் தராசில் இருவரும் ஏறிப் பார்த்திருக்கிறோம். அரிசிச் சிப்பம் இருபத்தாறு கிலோ. மூன்று சிப்பம் கொண்டுவந்து இறக்கச் சொன்னேன். “வீட்ல விசேசமா?” என்று கேட்டார் கடைக்காரர். ஆமாம் என்றேன்.

மூன்றையும் அவன் நாற்காலியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றித் துண்டால் கட்டினேன். மேல் மூட்டைமேல் என் கைப்பேசியை வைத்தேன். எதிரே ஒரு தம்ளர் சூடான தேநீர். ஆவியின் விளைவு அறியப்பட வேண்டுமல்லவா? மூட்டையின் சார்பில் ஆடுகளை நான் நகர்த்தினேன். மூன்று வாரம். அணையவில்லை. எல்லா ஆட்டத்திலும் மூட்டை தோற்றது.

பிப்ரவரி கடைசியில் என் மனைவியின் தங்கை குணவதி சாத்தூரிலிருந்து மகள் திருமண அழைப்பிதழோடு வந்தாள். தாம்பாளத்தைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“அத்தான், இது யாரு?”

“ஆய்வு” என்றேன்.

“அரிசி மூட்டைக்கு டீ ஊத்தி வச்சிருக்கீங்க.”

“அது பருகுவதற்காக அன்று.”

விளக்கமாகச் சொன்னேன். முழுவதும் கேட்டாள். முக்காலியை இழுத்துப் போட்டு, “வாங்க, நான் ஆடுறேன்” என்று உட்கார்ந்தாள். சிறுமியாக இருந்தபோது தரையில் கரிக்கோடு கிழித்து ஆடியவளாம். எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் எச்சரிக்கையாக இருந்திருப்பேன். அரை மணி நேரத்தில் ஒரு புலி அடைபட்டது. சற்றைக்கெல்லாம் இரண்டாவது. அணைந்தது!

என் மகிழ்ச்சியைத் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். சவரிராயன் இல்லாமலே அணைந்தது. துள்ளி எழுந்தேன்.

குணவதி எழவில்லை. “அத்தான், உங்க கால்” என்றாள்.

“சுவிட்சின் அருகில்கூட இல்லையே!”

“சுவிட்சைச் சொல்லலே. கால் ஆடுதுல்ல. மேசையே தேர் மாதிரி குலுங்குது. அக்கா எத்தனை தடவை சொல்லியிருக்கா, உட்கார்ந்து காலை ஆட்டாதீங்க, வீட்டுக்கு ஆகாதுன்னு.”

என் கால் ஆடும் என்று மனைவி சொல்லக் கேட்டதுண்டு. நான் நேரில் பார்த்ததில்லை. மறுத்தேன். அவள் நாடாவை மீண்டும் ஏற்றச் சொன்னாள். ஏழு நிமிடம் காத்திருந்து மறுபடி ஆடினோம். மறுபடி இரண்டு புலிகள் அடைபட்டன. இம்முறை அவள் இடது கையால் என் முழங்காலைப் பிடித்து அழுத்திக்கொண்டே வலது கையால் ஆடினாள். அணையவில்லை. கையை எடுத்தாள். பத்து எண்ணுவதற்குள் அணைந்தது.

தனியாக ஆடும்போது எனக்குக் கால் ஆடாது. எதற்கு ஆடப்போகிறது? இரு பக்கமும் நானே.

அவள் போனபின் மூடியைக் கழற்றி உருப்பெருக்கிக் கண்ணாடியோடு அமர்ந்தேன். அடாப்டரின் கம்பி செருகும் துளை இருக்கிறதே, அது உட்பலகையோடு ஈயத்தால் பற்றவைக்கப்பட்ட இடத்தில் மயிரிழை போல ஒரு வட்ட விரிசல். அசையாதவரை தொடர்பு இருக்கும், குலுங்கினால் அறும். முப்பத்தைந்து ஆண்டு செருகிப் பிடுங்கியதால் வந்தது. புதிய ஈயம் இட்டுப் பற்றவைத்தேன். கை நடுங்காமல் செய்தேன் என்பதைக் குறிப்பிட வேண்டும். மேசையைப் பிடித்து உலுக்கினேன். கணினியைத் தூக்கி ஆட்டினேன். அணையவில்லை. விவகாரத்தில் என் பக்கம் உண்மை என்பது நிலைநாட்டப்பட்டது.

இனி அதை உரியவருக்கு முறைப்படி அறிவிக்க வேண்டும். பதினொரு பக்கத்தில் அறிக்கை எழுதினேன். வோல்டேஜ் அட்டவணை, விரிசலின் வரைபடம், அனைத்தும் இணைத்தேன். மேசைக்கு ஓர் அதிர்வு ஏற்பட்டது என்பதை ஒளிக்காமல் எழுதினேன். அதிர்வின் மூலம் எது என்பது இவ்வறிக்கையின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்றும் எழுதினேன். ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன். நேரில் கொடுத்தால் பெறவில்லை என்று பின்னால் சொல்லிவிடலாம் அல்லவா? தபால்காரர் இரண்டு கதவு எண்களையும் மாறி மாறிப் பார்த்தார். தொழில் நிமித்தம் ஒன்றும் கேட்கவில்லை.

ஞாயிறு நான்கு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. கையில் உறையோடு நிற்கிறான். இளைத்திருந்தான்.

“பதினாறு அடி, அண்ணாச்சி. பதினாறு அடிக்கு ரிஜிஸ்தர் தபால் போட்ட ஒரே ஆளு தமிழ்நாட்டுல நீங்கதான். மெயின் தபாலாபீசு போயி, மதுரை போயி, திரும்ப வந்துச்சாம் உங்க காயிதம். இதுக்குள்ள நான் நாலு தடவ ராமேஸ்வரம் போயிட்டு வந்திருப்பேன்.”

“படித்தாயா?” என்றேன்.

“மூணு பக்கம் படிச்சேன். மீதிக்குக் கண்ணாடி பத்தலே.” உள்ளே பார்த்தான். நாற்காலியில் மூட்டைகள் இன்னும் இருந்தன. “அது யாரு, நானா?”

சொன்னேன். அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். மூட்டைகளைச் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து, ஒவ்வொன்றாகத் தானே இறக்கி வைத்துவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

“கேளுங்க அண்ணாச்சி. நீங்க சுவிட்ச அமுக்கினீங்கன்னு நான் நெசமா நெனைக்கலே. தோக்குற கடுப்புல வாயில வந்துருச்சு. மறுநாள் காலையில நீங்க சுவத்துல ரெண்டு தட்டுத் தட்டி, ‘போடா, வந்து உட்காரு’ன்னு சொல்லியிருந்தா வந்திருப்பேன். நூத்துக்கணக்கான நாள்...”

“நூற்றுப் பத்தொன்பது” என்றேன். “ஆனால் மறுநாள் என்னிடம் சான்று இல்லையே.”

அவன் எந்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

ஆடினோம். என் கால் ஆடியிருக்கலாம். தேநீரில் வளையம் வளையமாக எழுந்ததை நானே பார்த்தேன். எந்திரம் அணையவில்லை. ஒரு புலி, இரண்டாவது புலி. அவன் வழக்கம்போல் டெப்போ மேனேஜரைப் பற்றி ஏதும் சொல்லவில்லை. மிகவும் நிதானமாக ஆடினான். ஐந்தே காலுக்கு மூன்றாவது புலி அடைபட்டது.

திரை இருண்டது. இருவரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தோம். ஆனால் அது அணைவு அன்று. இருட்டின் நடுவே ஒவ்வோர் எழுத்தாக வந்தது. தமிழ் எழுத்து, அக்காலத்தில் புள்ளி புள்ளியாக நான் வரைந்த எழுத்து. ‘ஆடுகள் வென்றன. மீண்டும் ஆடலாமா?’ எண்பத்தொன்பதில் எழுதியது. எழுதிய நானே மறந்திருந்தேன். அந்த வரிவரை எவரும் வந்ததில்லை.

“எழுத்து நல்லா இருக்கு அண்ணாச்சி” என்றான்.

பிறகு சொன்னான், ஓசூரில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விடுவதாக முடிவாகிவிட்டது, புதன்கிழமை வண்டி என்று. மூன்று ஆண்டுகளாக அவள் அழைத்துக்கொண்டே இருந்தாளாம். ‘ஞாயித்துக்கிழம எனக்கு ஆட்டம் இருக்கு, வர முடியாது’ என்று ஒவ்வொரு முறையும் சொல்லி வந்தானாம். இந்தத் தை மாதம் அழைத்தபோது சரி என்று சொல்லிவிட்டானாம். மூன்று ஆண்டு மறுத்தவன் திடீரென்று ஏன் இசைந்தான் என்று நான் கேட்கவில்லை. அது அவர்கள் குடும்ப விவகாரம்.

“ஆகவே,” என்றேன், “நான் சுவிட்சைத் தொடவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறாய்.”

என்னையே பார்த்தான். “ஒப்புக்கிட்டேன் அண்ணாச்சி. எழுதித் தரவா?”

“வேண்டாம், உன் வாய்ச்சொல் போதும்” என்றேன். வென்றவன் அவ்வளவு பெருந்தன்மை காட்ட வேண்டும்.

திரையில் அந்தக் கேள்வி நின்றுகொண்டே இருந்தது. அவன் கையை விசைமேல் கொண்டுபோனான். பிறகு எடுத்துச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டான். “சாமான் கட்டணும்” என்று எழுந்தான். தேநீரை முழுவதும் குடித்துவிட்டுத்தான் போனான்.

எந்திரத்தை நான் அணைக்கவில்லை. பற்றவைத்த ஈயம் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டாமா? ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் மாலை மின்வெட்டு வரும்வரை அந்தக் கேள்வி அப்படியே எரிந்துகொண்டிருந்தது. அது முதல் ஏழு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் நான்கு மணிக்குப் போட்டுப் பார்க்கிறேன். ஒருமுறைகூடத் தானாக அணைந்ததில்லை. அவ்வளவு நேர்த்தியான பழுதுபார்ப்பு.

அவர் எந்தத் தேதியில் இவ்வூரை விட்டுப் போனார் என்பதுதான் தங்களுக்கு வேண்டுமா? வண்டி வந்ததும் சாமான் ஏற்றியதும் காதில் விழுந்தன. நான் உள்ளே ஈயத்தைக் கவனித்துக்கொண்டிருந்ததால் அந்தத் தேதியைக் குறித்து வைக்கவில்லை. விவகாரம் தீர்ந்த நாளை மட்டும் குறித்து வைத்திருக்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள்: சுபகிருது ஆண்டு, மாசித் திங்கள் இருபத்தெட்டாம் நாள்; ஆங்கிலத்தில் இரண்டாயிரத்து இருபத்து மூன்று, மார்ச் பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்தேகால் மணி.